இரண்டு கரண்டி தீர்த்தம்

செம்மநத்தத்துக்காரர்கள் ஐயாக்கண்ணுவுக்கு வைத்த பேர் எலி டாக்டர். பட்டப்பேர் வைப்பதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மனுஷன் மெட்ராஸில் எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்து, மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதில் டாக்டர் பட்டம் வாங்கி, ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு வலி மருந்து கொடுத்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். "நம்ம ஐயாக்கண்ணு டாக்டருதானுங்க, ஆனா எலிக்கு மட்டுந்தான் பாப்பாரு" என்று எவனோ பஸ்ஸில் கிளப்பிவிட, அதுவே ஒட்டிக்கொண்டது. அவனும் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அந்தப் பேர் ஒரு நாள் ஒரு குழந்தையின் உயிருக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

எண்பத்தாறாம் வருஷம் வைகாசியில் இரண்டு மாசம் லீவு போட்டுவிட்டு அவன் ஊருக்கு வந்தான். அக்கா அத்தாயிக்காகத்தான். அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தாய் போனபின் இவனைத் தூக்கி வளர்த்தவள். பலாப்பழத்தையும் காபிக்கொட்டையையும் தலையில் சுமந்து விற்று, ஏற்காட்டில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தவள். அவளுக்கு மார்பில் கட்டி வந்து, சேலத்தில் அறுத்து எடுத்து, எடுத்தும் பிரயோசனமில்லாமல் அது முதுகெலும்புக்குப் போய்விட்டிருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குத்தான் அவள் வழி விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஊர்ச் சுனைக்கரைக் கோயிலுக்குப் போய்க் காளி முன்னால் விழுந்து வேண்டிக்கொண்டுவிட்டாள். இனி வலிக்கு அம்மன் தீர்த்தத்தைத் தவிர வேறொன்றும் வாயில் வைப்பதில்லை என்று.

"மாத்திரைன்னு சொல்லிக்கிட்டு எங்கிட்ட வராத தம்பி. சொல்லிப்போட்டேன்" என்றாள்.

இராத்திரியெல்லாம் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு முனகுவாள். பக்கத்து அறையில் ஐயாக்கண்ணு தூங்காமல் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பான். ஊர் உலகத்து எலிகளின் வலியெல்லாம் அவன் கைக்கு அடங்கும். சொந்த அக்காவின் வலி அடங்காது. என்ன பிழைப்பு இது என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

வலி எப்படி அடங்குகிறது என்பது அவனுக்கு மனப்பாடம். அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிற சேதிதான் வலி. அது முதுகுத்தண்டில் கைமாறுகிற இடத்தில் பொடிப்பொடியாகப் பூட்டுகள் இருக்கின்றன. அபினிப் பாலிலிருந்து எடுக்கிற மார்ஃபின் அந்தப் பூட்டில் சாவியாகப் போய் உட்கார்ந்தால் கதவு சாத்திக்கொள்ளும், சேதி மேலே போகாது. புண் அப்படியேதான் இருக்கும், அதன் குரல் மட்டும் கேட்காது. அதே பூட்டுகள் 'மூச்சு விடு' என்று உடம்புக்கு ஆணையிடுகிற இடத்திலும் இருக்கின்றன என்பதுதான் வினை. அளவு மிஞ்சினால் உடம்பு மூச்சு விடவே மறந்துவிடும்.

ஏதோ ஒரு செடியின் பாலுக்கு மனுஷ உடம்பில் எதற்குப் பூட்டு இருக்க வேண்டும் என்று தேடிப் போனவர்கள், உடம்பு தானே அதேமாதிரி சாவி வார்த்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வலி மருந்து என்று நினைக்க வைத்து ஒன்றுமில்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி நிஜமாகவே குறைந்தது. பிறகு அவர்களுக்குத் தெரியாமல், அந்தப் பூட்டையே அடைத்துவிடுகிற நாலாக்ஸோன் என்ற மருந்தை ஏற்றினார்கள். குறைந்த வலி திரும்பி வந்தது. ஆக, நம்பிக்கை என்பது வெறும் மன மயக்கமில்லை. உடம்பு உள்ளேயே மருந்து காய்ச்சிக் கொடுக்கிறது.

இதைப் படித்த அன்றைக்கு ஐயாக்கண்ணு, "சாமின்னா இதுதாங்க. கண்டுபிடிச்சாச்சு" என்று ஆராய்ச்சிக்கூடத்தில் குதித்தான். துறைத் தலைவர் நெற்றி நிறைய விபூதியோடு நிமிர்ந்து பார்த்தார். புதுத் தராசு வந்தால் அதற்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைக்கிற ஆசாமி. "ஒன்பது மணிக்கு முன்னால சாமி, ஒன்பதுக்கு அப்புறம் எலி. ரெண்டையும் ஒரே கூண்டுல அடைக்காதேய்யா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர் அற்புதமோ விடவில்லை. கூடப் படித்தவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை கை ஓடாது அவளுக்கு. "பூட்டு எப்படித் திறக்குதுன்னு தெரிஞ்சுட்டா, பூட்டு செஞ்சவர் இல்லன்னு ஆயிடுமா? நல்லா இருக்கே உன் கணக்கு!" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஐயாக்கண்ணுவுக்குச் சாமி கிடையாது. இருந்தால் அக்காவுக்கு இப்படிச் செய்யுமா என்பது ஒன்றே அவனுக்குப் போதும்.

அந்த அற்புதம்தான் மார்ஃபின் நீர்மருந்தை முறைப்படி எழுதி, அத்தாயி பேருக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். கூடவே நாலாக்ஸோன் அடைத்த இரண்டு ஆம்பூல் கண்ணாடிக் குப்பிகளைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்து, "இது உன் பையை விட்டுப் போகக்கூடாது. தப்பு நடந்தா சாவியைப் பிடுங்கி எறியறது இது ஒண்ணுதான். ஆனா முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது, மார்ஃபின் அதுக்கப்புறமும் உடம்புல உக்காந்திருக்கும், ஞாபகம் வச்சுக்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

ஒரு வாரம் அக்காவின் முனகலைக் கேட்டபிறகு அவன் சுனைக் காளி கோயில் பூசாரி மாதப்பனிடம் போனான்.

"தீர்த்தத்துல மருந்தக் கலக்கோணுமுங்களா?" மாதப்பன் எழுந்தே விட்டார். "என்ன பேச்சுங்க பேசுறீங்க?"

"அவ வேற எதையும் குடிக்க மாட்டேங்குறாளே. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

மாதப்பன் மறுபடி சுனைப் பாறையில் உட்கார்ந்தார். அத்தாயி முனகுவது அவர் வீட்டுக்கும் கேட்கத்தான் செய்தது. கடைசியில் சொன்னார். "செரி. ஆனா தெனமும் விடியால நீங்களும் சுனையில தலை முழுகிப்போட்டு வந்து நிக்கோணும். பூசை முடிஞ்ச பொறவுதான் கலக்கோணும். வெறுமனே கலந்தா அது மருந்து. அப்பறம் என்னோட வேலை அதுல என்ன இருக்குது?"

"இது அக்காவுக்கு மட்டும்னு அவகிட்ட அழுத்திச் சொல்லணுங்க."

"தீர்த்தத்த ஒருத்தருக்கு மட்டும்னு எந்தப் பூசாரியாச்சும் சொல்லுவானுங்களா? சொன்னா அந்த நிமிஷமே சந்தேகம் வந்துரும்."

அது நியாயமாகப்பட்டது. மேற்கொண்டு அவன் யோசிக்கவில்லை. அளவு, நேரம், பாட்டிலை எங்கே பூட்டி வைப்பது, மலச்சிக்கலுக்கு என்ன செய்வது என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினான். படித்தவன் புத்தி எதை எழுத வேண்டுமோ அதை விட்டுவிட்டது.

சாமி இல்லை என்கிறவன் நாற்பது நாள் நடுங்கிக்கொண்டு சுனையில் தலை முழுகினான். மணியடித்துத் தீபம் காட்டி முடிந்ததும், சின்னப் பித்தளைச் செம்பில் நாலு வேளைக்கான மருந்தைத் தீர்த்தத்தோடு அளந்து ஊற்றுவான். மாதப்பன் அதைக் கொண்டுபோய் அத்தாயி வீட்டு மாடத்தில் வைப்பார். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி.

முதல் நாள் அவனுக்குப் பயம் கசப்பைப் பற்றித்தான். மார்ஃபின் சும்மா கசக்காது, நாக்கைப் பிடுங்கும். அத்தாயி கரண்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள், முகம் கோணவே இல்லை. அரை மணி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அன்று ராத்திரி மூச்சுக்காட்டாமல் தூங்கினாள். மறுநாள் பலாக்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டு உரித்தபடி, "பாத்தயாடா? மாத்திரை மாத்திரைன்னு குதிச்சயே. எங்காளி எப்படிப் புடிச்சு நிறுத்திப்போட்டா பாரு" என்று அவனைக் கேலி பண்ணினாள். அவ்வளவு சின்ன அளவுக்கு இவ்வளவு குணம் அவன் எதிர்பார்க்காதது. காரணம் அவனுக்குத் தெரியும். பாதி வேலையை மருந்து பார்க்கிறது, மீதியை அவள் உடம்பே காய்ச்சிக்கொள்கிறது. எப்படியோ அக்கா சிரிக்கிறாள், அது போதும் என்று இருந்துவிட்டான்.

ஆடி வந்தது. வெள்ளிக்கிழமை. மருந்து தீர்ந்துகொண்டு வந்ததால், அற்புதத்துக்கு ஃபோன் போட ஏற்காட்டுக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பினான். மலை முழுக்க மூடுபனி, பொசுபொசுவென்று தூறல். வீட்டு வாசலில் பத்துப் பேர் செருப்பு. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உள்ளே ஓடினான்.

அக்காவுக்கு ஒன்றுமில்லை. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, பூரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கீழே பாயில் ஒரு குழந்தை கிடந்தது. தலைமாட்டில் வேப்பிலை, நெற்றி நிறையக் குங்குமம். சுற்றிலும் பெண்கள் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேதி கேட்டு அப்போதுதான் வந்த மாதப்பன் மூலையில் நின்றார்.

"சத்தம் போடாதீங்க. அம்மா எறங்கியிருக்கா" என்றாள் ஒருத்தி.

குழந்தை வள்ளி. எஸ்டேட் கூலி லைன் வீட்டில் இருக்கிற மருதாயியின் மகள், மூன்று வயதுகூட நிரம்பவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் கொதிக்கிற வெந்நீர் காலில் கொட்டி, முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தது. கட்டுப் போட்டும் கத்தல் நிற்கவில்லை. மருதாயி அத்தாயிக்குத் துணி துவைத்துக் கொடுக்க வருகிறவள். அன்றைக்கும் அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள்.

"தம்பி, வந்துட்டயா?" அத்தாயி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "ரெண்டு நாளா கண்ணே மூடலியாம் புள்ள. மனசு கேக்கல. எம்பட தீர்த்தத்துல ரெண்டு கரண்டி ஊத்தினேன். பாரு, எப்படித் தூங்குதுன்னு!"

ஐயாக்கண்ணு பாயில் மண்டியிட்டான். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கினான். கருமணி கடுகளவு சுருங்கிக் கிடந்தது. மார்பைப் பார்த்துக்கொண்டு எண்ணினான். ஒரு மூச்சு. இவன் பத்து எண்ணினான், பதினைந்து எண்ணினான். அடுத்த மூச்சு வந்தது. ஐயோ!

பையைத் திறந்து ஊசியை எடுத்தான். மருதாயி பாய்ந்து குழந்தையின் மேலே குனிந்துகொண்டாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"காய்ச்சல் இருக்குது மருதாயி. ஒரு ஊசி போடறேன், தள்ளு." கடைசியாக ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தான்.

"ஒடம்பு சில்லுன்னு இருக்குதுங்களே! அம்மா வந்திருக்கறப்ப ஊசி குத்துனா குத்தமாயிருமுங்க. வேண்டாமுங்க."

"ஆமாங்க. முழிக்கட்டுமுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்றார்கள் பெண்கள்.

மருதாயியின் புருஷன் மூக்கன் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றான். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன், சேதி கேட்டு அப்படியே ஜீப்போடு வந்திருந்தான். "கோவிச்சுக்காதீங்க. நீங்க எலிக்குத்தானுங்க ஊசி போடறீங்க. எம் புள்ளைக்கு வேண்டாமுங்க" என்றான்.

மறுபடி ஒரு மூச்சு. அதற்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னும் நீளமான இடைவெளி. ஐயாக்கண்ணு தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், இப்பவாவது ஒத்துக்கொள்ளடா என்பதுபோல. நாற்பது நாளாக அந்த முகத்தில் இருந்த தெளிச்சி அது. உண்மையைச் சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் குழந்தை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அம்மாவும் இல்ல ஆத்தாவும் இல்ல" என்று கத்தினான். "தீர்த்தத்துல மருந்து இருக்குது. நான்தான் கலந்தேன். அக்காவுக்குன்னு கலந்தது. இந்த ஊசி போடலேன்னா புள்ள செத்துரும்!"

ஒருத்தரும் நம்பவில்லை. "பொய்யி" என்றாள் அத்தாயி. "பூசாரி கையால வந்த தீர்த்தம்டா அது."

எல்லார் கண்ணும் திண்டாடிப்போய் மூலையில் நின்ற மாதப்பன்மேல் விழுந்தது. ஐயாக்கண்ணு அவரைக் கெஞ்சலாகப் பார்த்தான். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சுனைக்கு மணியடிக்கிற குடும்பம். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடுவார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நெசந்தானுங்க. எங்கண்ணு முன்னாடிதான் கலந்தது. நாந்தான் கொண்டாந்து வெச்சேன். வுடு மருதாயி, ஊசி போடட்டும்."

மருதாயி விலகினாள். அத்தாயி பக்கம் ஐயாக்கண்ணு திரும்பவில்லை. ஆம்பூலின் கழுத்தை ஒடித்து, மருந்தை இழுத்து, குழந்தையின் தொடையில் குத்தினான். பிறகு மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினான். ஊதினான், எண்ணினான், ஊதினான். எலிக்கு இதையெல்லாம் செய்ததில்லை. சாமி இல்லை என்கிறவன் மனசுக்குள் யாரையோ 'விட்டுடு, விட்டுடு' என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். யாரை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

இரண்டு நிமிஷம் இருக்கும். குழந்தையின் கை ஒன்று வெட்டியது. உதட்டில் மறுபடி சிவப்பு ஏறியது. கண்ணைத் திறந்தது. அடுத்த நொடி, வெந்த காலின் வலி முழுசும் ஒரே மூச்சாகத் திரும்பி வர, அந்த வீட்டுக் கூரை அதிர வீறிட்டது. அப்படியோர் அலறலை அங்கே யாரும் கேட்டதில்லை. மருதாயி வாரி அணைத்துக்கொண்டு, "அழு சாமி, நல்லா அழு கண்ணு" என்று தானும் அழுதாள்.

"ஜீப்பை எடு மூக்கா. சேலத்துக்குப் போயாகணும். இந்த ஊசி முக்கால் மணி நேரந்தான், உள்ள போன மருந்து மறுபடி மூச்சை அமுக்கிரும்."

மூக்கன் இந்தத் தடவை எலியைப் பற்றிப் பேசவில்லை.

மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒத்தையடிப் பாதைக்கு அண்ணன்போல ஒரு ரோடு, அதில் மூக்கன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு பறந்தான். பின் சீட்டில் மருதாயி மடியில் குழந்தை. ஐயாக்கண்ணு ஒரு கையால் அதன் மார்பைத் தொட்டுக்கொண்டு, மறு கையில் கடைசி ஆம்பூலை வைத்திருந்தான். ஜீப் குலுங்குகிற குலுங்கலில் அது உடைந்தால் அத்தோடு சரி.

ஏற்காட்டு ஏரியைத் தாண்டும்போது அழுகை சிணுங்கலாகியது. மலை இறங்க ஆரம்பித்ததும் சிணுங்கலும் தேய்ந்தது.

"தூங்க விடாத மருதாயி. கிள்ளு!"

"எப்படிங்க கிள்ளுவேன், வெந்த புள்ளைய!"

"கிள்ளு, இல்லேன்னா மூச்சு விட மறந்துரும்!"

மருதாயி கிள்ளினாள். இரண்டு நாளாக அழுகை நிற்க வேண்டும் என்று ஊரில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டவள், இப்போது அழு, அழு என்று பிள்ளையின் தொடையைப் பிய்த்தாள். நாலைந்து கொண்டை ஊசி வளைவு வரைக்கும் குழந்தை அழுதது. அப்புறம் கிள்ளினாலும் தலை தொங்கியது. உதடு மறுபடி கறுத்தது.

"நிறுத்து மூக்கா!"

வளைவில் அரைக் குறுக்காக ஜீப் நின்றது. கீழேயிருந்து ஒரு லாரி முக்கி முனகி ஏறிவரும் சத்தம். ஐயாக்கண்ணுவின் விரல் ஆம்பூலின் கழுத்தில் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை ஒடிந்தது, அவன் விரலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு. குத்தினான். லாரியின் விளக்கு பனிக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. குழந்தை ஒரு தடவை இழுத்து மூச்சு விட்டது, இன்னொரு தடவை விட்டது, பிறகு அழுதது. "போ" என்றான். லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டியதை மூவருமே காதில் வாங்கவில்லை.

சேலத்தில் பெரிய டாக்டர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, எவ்வளவு உள்ளே போனது, எத்தனை மணிக்கு, யார் கலந்தது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தான். இராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். விடிகாலையில் வள்ளி பால் கேட்டாள் என்றார்கள். மூக்கன் வந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டான்.

அவன் செம்மநத்தம் திரும்பியபோது உச்சிப்பொழுது. கோயில் வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். தீட்டுக் கழிக்க ஒன்பது நாள் நடை சாத்த வேண்டும் என்று ஊர் கூடி முடிவு பண்ணியிருந்தது. அதுவரைக்கும் மாதப்பன் மணியைத் தொடக்கூடாது.

அத்தாயி நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முகம் ஒரே நாளில் பத்து வயது மூத்திருந்தது. சேலைத் தலைப்பு மறுபடி வாய்க்குப் போயிருந்தது. செம்பு மாடத்தில் அப்படியே இருந்தது.

"புள்ள?" என்றாள்.

"பொழைச்சுக்கிச்சுக்கா. பால் குடிச்சுதாம்."

கண்ணை மூடித் திறந்தாள். "எங்கையால குடுத்தேனேடா."

"என் தப்புக்கா. உன் தப்பு ஒண்ணுமில்ல."

"எனக்கு வலி தாங்கல. அந்த மருந்து இருக்குதா?"

அவன் பூட்டைத் திறந்து பாட்டிலை எடுத்து, அதே கரண்டியில், அதே அளவு ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் கொடுத்தான். நாற்பது நாளும் கொடுத்த அதே மருந்து, ஒரு சொட்டுக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. வாயில் வைத்ததும் முகம் கோணி, தோளெல்லாம் சிலிர்த்தது.

"என்னடா இது, இந்தக் கசப்புக் கசக்குது!"

ஐயாக்கண்ணு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. முன்னெல்லாம் இந்த நேரத்துக்குப் பலாக்கொட்டைக்குக் கை நீளும்.

"இப்ப எப்படி இருக்குது?"

"கொஞ்சம் தேவல" என்றாள். சேலைத் தலைப்பு பல்லிடுக்கிலேயே இருந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாள் பாதி வலியைத் தாங்கியது மருந்து, மீதியைத் தாங்கியது அவள் உடம்பு தானே காய்ச்சியது. அந்தப் பாதி நின்றுபோயிற்று. குழந்தையை மீட்க ஊசி வேண்டியிருந்தது. அக்காவிடமிருந்து அவள் உடம்பே வார்த்த சாவியைப் பிடுங்க அவன் வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதற்கு மாற்று எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் கிடையாது. அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

வாசலில் நிழல் தட்டியது. மாதப்பன். கோயிலுக்குள் போகக்கூடாதவர், சுனையின் கீழ் மடையில் பிடித்த தண்ணீரை வேப்பிலை போட்டு ஒரு செம்பில் கொண்டுவந்திருந்தார். ஊர்ப் பேச்சு அவ்வளவும் கேட்டபிறகும் வந்திருந்தார். "மனசு கேக்கலீங்க. அத்தாயிக்குக் குடுத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லி, கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார்.

அத்தாயி செம்பைக் கையில் எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனவள் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தீர்த்தத்தை அவள் மோந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுல என்னடா கலந்திருக்குது?"

"ஒண்ணும் கலக்கலக்கா" என்றான் அவன் பதறிப்போய். "சத்தியமா. வெறும் தண்ணிதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாசலில் மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா" என்றாள் அத்தாயி. "தண்ணிதான்."

நேற்றிலிருந்து காய்ந்த தொண்டை. தாகத்துக்குக் குடிக்கிறவள்போல மடமடவென்று குடித்துவிட்டு, செம்பைத் தரையில் வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள்.

"நொம்ப வலிக்குதுடா. அந்தக் கசப்பையே இன்னும் அரைக் கரண்டி குடு" என்றாள்.